கேட்பாரற்ற தொடுகைகள்

கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் திரும்பிப் போகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அவள் பார்த்தாள். ஒரு மத்தியானம், திரையில், ஒரு புள்ளியாக.

அலுவலகத்தில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். கண் கொட்டாமல் திரையைப் பார்ப்பதுதான் வேலை. தனியாக வாழும் வயதானவர்களுக்காக அவர்கள் ஓர் இணையப் பக்கம் நடத்தினார்கள். காலையில் எழுந்ததும் போனில் அதைத் திறந்து 'நல்லா இருக்கேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பிள்ளைக்கோ பெண்ணுக்கோ செய்தி போய்விடும். யார் எங்கே தொட்டாலும் ஆந்தையின் டாஷ்போர்டில் ஒரு ஒளிப்புள்ளி கிளம்பும். தொடுகைக்காகக் காத்திருக்கும் நிரல் துண்டு ஒன்று அதை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். அந்தத் துண்டை அவர்கள் 'காது' என்பார்கள். காதுக்குக் காது கைமாறி, புள்ளி இடமிருந்து வலமாக நீந்திக் கரை சேரும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அவளே கட்டிய டாஷ்போர்டு அது. ஜன்னல் திரைச்சீலை உப்பி உப்பி அடங்கும் மத்தியானங்களில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீருக்கடியில் உட்கார்ந்து மீன் எண்ணுவது போலிருக்கும்.

வாடிக்கையாளர் போனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆந்தை, முழிச்சிருக்கியா?"

"கண்ணு மட்டும் முழிச்சிருக்குக்கா. மத்ததெல்லாம் தூங்குது."

"ஒரு பெரியவர் நாலாவது தடவையா கூப்பிடறார். லாரி ஓட்டினவராம். தினம் அழுத்தறேங்கறார். மகனுக்கு நாப்பது நாளா ஒண்ணும் போகல. அப்பாவுக்கு மறதி வந்துடுச்சுன்னு அவன் முடிவே கட்டிட்டான். நாளைக்கு ஒன்பது மணிக்கு வண்டியோட வந்து முதியோர் இல்லத்துல கொண்டு விடப் போறானாம். மூட்டை கட்டியாச்சாம்."

ஆந்தை டாஷ்போர்டில் அவர் கணக்கைத் தேடிப் பார்த்தாள். நாற்பது நாளும் வெறுமையாக இருந்தன.

"அவர் அழுத்தவே இல்லக்கா."

"அப்ப அதை நீயே சொல்லு. எனக்கு வாய் வராது." அக்கா போனை அவள் கையில் திணித்தாள்.

"ஐயா, எப்படி அழுத்தறீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"எப்படின்னா? விரலாலதான்."

"அது சரிங்க. பக்கம் திறந்த பிறகு..."

"திறந்ததும் ஒரு அழுத்து. மூடி வச்சுட்டுப் போய்ட்டே இருப்பேன். முப்பது வருஷம் ஹார்ன் அடிச்ச கைம்மா இது. முன்னாடி போறவனுக்குக் கேட்டுச்சான்னு இறங்கிப் போயா விசாரிக்க முடியும்?" பிறகு குரல் இறங்கியது. "மறதி இருந்தா இருக்குன்னு நானே ஒத்துக்குவேன். இது மறதி இல்லம்மா."

'திறந்ததும்' என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு காதும் வாங்கிக்கொள்ளாத தொடுகைகளை டாஷ்போர்டு காட்ட வேண்டாம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள்தான் மறைத்து வைத்திருந்தாள். குப்பை சேர்ந்து கண்ணை உறுத்துகிறது என்று. அந்த மறைப்பை இப்போது எடுத்தாள்.

திரையெங்கும் புள்ளித் தூறல் பிடித்தது.

எத்தனை விரல்கள்! ஒருவர் பக்கத்தின் வெற்று ஓரத்தைத் தினமும் தடவியிருந்தார். இன்னொருவர் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பன்னிரண்டு முறை தட்டியிருந்தார். ஒரு விரல் எங்கும் நகராமல் வெகுநேரம் ஊன்றியிருந்தது. அறை மெல்ல விலகிப் போனது. நீண்ட தாழ்வாரம் ஒன்று, இருபுறமும் மூடிய கதவுகள், தொட்டுத் தொட்டுப் போகும் மனிதர்கள். சத்தமே இல்லை. அவள் மட்டும் பின்னால் நடந்துகொண்டிருந்தாள், ஒவ்வொரு கதவிலும் விரல்சூடு இன்னும் ஆறாமலிருப்பதுபோல.

"என்னடி, உட்கார்ந்தபடியே எங்க போயிட்ட?" என்று அக்கா தோளைத் தட்டினாள்.

லாரிக்காரரின் தொடுகைகள் நாற்பதும் இருந்தன. தினமும் காலை ஆறு பத்து. எல்லாமே பொத்தானின் நட்டநடுவில். நாற்பது நாளைக்கு முன் மகன் அப்பா திறக்கும் இணையப் பக்கத்தில் தன் குழந்தையின் படத்தை வைத்திருந்தான். ஆனை கனம் கனத்தது படம். பொத்தான் முதலில் தெரிந்துவிடும், ஆனால் படம் முழுதும் இறங்கிய பிறகுதான் காது பொருத்தப்படும். நடுவில் மூன்று விநாடி. மற்றவர்களுக்கு அது மூக்குக்கண்ணாடி தேடுகிற நேரம். இவர் அதற்குள் அழுத்திவிட்டு எழுந்து போயிருந்தார்.

கீழே இன்னொரு வரிசை இருந்தது. தினமும் பிற்பகலில், படத்தின் மேல், ஒரே இடத்தில் ஒரு தொடுகை. அவள் படத்தை எடுத்து அந்த இடத்தைப் பொருத்திப் பார்த்தாள். குழந்தையின் கன்னம்.

மகனைக் கூப்பிட்டாள். "உங்கப்பா ஒரு நாள்கூட விடல சார். தப்பு எங்க பக்கம். அதுலயும் பாதி என்னோடது." என்ன நடந்ததென்று விளக்கினாள்.

"நான் தினம் அவரைத் திட்டினேன்," என்றான். பிறகு, "அந்தப் படத்தைத் தூக்கிட்டா சரியாயிடுமா?"

"ஆயிடும். ஆனா தூக்காதீங்க."

"ஏன்?"

சொல்வது முறையா என்று யோசித்தாள். "அதை அவர் தினமும் பார்க்கறார் சார். இன்னைக்கே நான் சரி பண்ணிடறேன். நீங்க காலைல ஆறு பத்து வரைக்கும் பொறுங்க. செய்தி வரலன்னா உங்க இஷ்டம்."

"வண்டிக்குச் சொல்லிட்டேனே," என்றான். பிறகு, "சரி, பொறுக்கறேன்" என்றான்.

பொத்தான் கண்ணில் படுவதற்கு முன்பே காது பொருந்தும்படி நிரலை மாற்ற அவளுக்குச் சாயங்காலமாகிவிட்டது. ஒரு பொத்தானைச் சரிசெய்யப் போய் எல்லாப் பொத்தானையும் கெடுத்துவிடாதே என்று அக்கா பின்னாலிருந்து பயமுறுத்திக்கொண்டே இருந்தாள். ஆந்தை வீட்டுக்குப் போகும்போதும் கண்ணுக்குள் தூறல் நிற்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடி, பஸ்ஸின் கம்பி, தன் அறைக் கதவு என்று தொட்ட இடத்திலெல்லாம் ஒரு புள்ளி கிளம்புவதாகத் தோன்றியது.

மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பெரியவர் அழுத்தினார், மகனுக்குச் செய்தி போனது. மகன் வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டான். ஒன்பது மணிக்குப் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு, மூட்டைகளைப் பிரிக்க ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டார். அப்படி ஆள் அனுப்பும் வழக்கமில்லை என்று அக்கா சொன்னாள்.