எல்லைக்கு முன் ஒரு வார்த்தை

“நாமளா போன் எடுக்கக் கூடாது. விசாரணை முடியற வரைக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்தோட பேச்சே வேணாம். வேணும்னா அவங்க கூப்பிடட்டும்” என்றார் விமானக் கட்டுப்பாட்டு அறையின் சூப்பர்வைசர். சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அவள் முகத்தில் மட்டும் அந்தப் பார்வை கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது.

“இது என்ன சார், சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி?” என்றாள் அவள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சம்பந்தி சண்டையில டேப் ஓடாதும்மா. இங்க ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகுது. நாம கூப்பிட்டா, தப்பு நம்ம பேர்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

அவர் போனதும் அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ராடார் திரை முன் உட்கார்ந்தாள். திரையின் வலது ஓரத்தில் ஒரு கோடு. அதுதான் நாட்டின் எல்லை. எல்லையையொட்டி மலைகள் நிற்பதால் அதற்கு அப்பால் இவர்கள் ராடாருக்குக் கண் கிடையாது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் விமானம், மலையைத் தாண்டி முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் புள்ளியாக முளைக்கும். அதனால்தான் அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, எந்த விமானம், எந்த உயரத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டும் என்பது விதி.

விதி அது. வழக்கம் வேறு. இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றை போன் இணைப்பு பெரும்பாலும் இரைச்சலாகவே இருக்கும். கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போன யாரோ ஆரம்பித்து வைத்திருக்க வேண்டும்: போன் வரவில்லை என்றால் வழக்கமான உயரம் என்று அர்த்தம். இங்கிருந்து போவது முப்பத்தாறாயிரம் அடி, அங்கிருந்து வருவது முப்பத்தைந்தாயிரம். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் மலைமேல் மேகம் திரண்டிருந்தது. குலுக்கல் தாங்காமல் விமானி கேட்டதால், அவள் தன் பொறுப்பில் இருந்த விமானத்தை முப்பத்து நாலாயிரத்துக்கு இறக்கியிருந்தாள். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு புள்ளி முளைத்தது. அதன் பக்கத்தில் இருந்த எண்ணும் முப்பத்து நாலு. நேருக்கு நேர். “உடனே வலது பக்கம் திரும்புங்க” என்று அவள் சொன்னபோது குரல் நடுங்கவில்லை.  இரண்டும் விலகிப் போயின. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரே வாக்கியம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்காரன் உயரத்தை மாற்றினான், சொல்லவில்லை. பல் தேய்க்கும்போதும் அதுதான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் அதுதான். அந்த வாக்கியம் அவளுக்கு ஒரு விதத்தில் தெம்பாகக்கூட இருந்தது. வீட்டில் மட்டும் அவளைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். இன்று காலை, “கேஸ் அடுப்ப அணைச்சிட்டீங்களா?” என்று கேட்டதற்குக் கணவன் “ம்” என்றான்.

“ம்னா என்ன? அணைச்சாச்சா, இல்லையா? வாயத் திறந்து சொல்லுங்க.”

“அப்பா, பேசாம ‘அணைத்துவிட்டேன், நன்றி’ன்னு சொல்லிடுங்கப்பா. இல்லன்னா தரையிறங்க விடமாட்டாங்க” என்றாள் மகள். கேட்டவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போய் அடுப்பைத் தொட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது திரையில் மறுபடியும் மலைமேல் மேகம். அவளுடைய விமானம் ஒன்று எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிரிலிருந்து ஒன்று வர வேண்டிய நேரம். போன் வரவில்லை.

அவள் கை எல்லைப் போனின் பொத்தானுக்குப் போனது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பினார். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைத் தூக்குவதால் அவருக்குச் ‘சட்டம்’ என்றே பெயர். “வேணாம்மா. இப்பத்தானே சொல்லிட்டுப் போனார். வேலைக்கு உலை வச்சுக்காத.”

அவள் அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு அந்தக் குரல் வந்தது. முகம் பார்த்ததில்லை, குரலைப் பல வருஷமாகத் தெரியும். தொண்டையில் மணல் வைத்துப் பேசுவது போல இருக்கும் என்பதால் இங்கே அவன் ‘கரகரப்பு’.

“என்ன மேடம், பதிவு பண்ணி மாட்டிவிடச் சொன்னாங்களா?”

“அன்னிக்கு நடந்ததப் பத்தி நான் கேக்கல சார். இப்ப வர்ற விமானம் என்ன உயரம்? அது மட்டும் சொல்லுங்க.”

“நல்லா இருக்கு. நான் மட்டும் சொல்லணும். அன்னிக்கு உங்க விமானம் முப்பத்து நாலுல வருதுன்னு எனக்கு யார் சொன்னா? இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது சொன்னதுண்டா?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் ஹெட்செட்டைப் பிடித்தபடியே இருந்தாள். காதுமடல் சுட்டது. அவனும்தான் மாற்றினான் என்று முதலில் தோன்றியது. அந்த ‘அவனும்’ தொண்டையில் மீன்முள் போலச் சிக்கிக்கொண்டது. ஆமாம், அவளும்தான் மாற்றினாள். விமானம் எல்லைக்குள்தானே இருக்கிறது, எல்லையைத் தொடுவதற்குள் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவனும் அங்கே உட்கார்ந்து அதையேதான் நினைத்திருப்பான். குலுங்காத ஒரே அடுக்கை இரண்டு பேரும் தேடிப் பிடித்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தில் பாதியை யாரோ கிழித்து எடுத்துப் போயிருந்தார்கள். கிழித்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

எரிச்சல் வந்தது. அவன்மேல் அல்ல. அந்த எரிச்சலிலேயே முதுகு நிமிர்ந்தது.

தன் விமானத்தின் விமானியைக் கூப்பிட்டாள். “எல்லைக்கு முன்னாலயே வட்டம் போடுங்க.”

“என்ன காரணம்? இப்பத்தான் சாப்பாடு கொடுத்துட்டிருக்காங்க. வட்டம் போட்டா எல்லார் மடியிலயும் குழம்பு ஊத்தும்.”

“எதிர்ல வர்றவர் எந்த உயரத்துல வர்றார்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் விடறேன்.”

 விமானியின் குரலில் கிண்டல் போயிருந்தது. “வட்டம் போடறேன்.”

அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். இந்த முறை அவன் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “நான் எதுவும் கேக்க வரல. சொல்ல வந்தேன். எழுதிக்கோங்க. என்னோட விமானம் முப்பத்தாறாயிரம் அடி. இப்ப என் பக்கத்திலேயே வட்டம் போட்டுட்டிருக்கு. நீங்க ‘கேட்டாச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லாம கோட்டத் தாண்டாது.”

இரைச்சல் மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னால் கதவு திறந்து செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. சூப்பர்வைசர்.

“முப்பத்தாறு,” என்றது கரகரப்பு மெதுவாக. “கேட்டாச்சு. என்னோடது முப்பத்தைந்து. ரெண்டு பேர் பாக்க வேண்டிய வேலைய நான் ஒருத்தன் பாக்கறேன் மேடம். அதுதான்...”

“அதான் நானே கூப்பிடறேனே. நீங்க எடுத்தா போதும்.”

அவள் விமானத்தை விடுவித்துவிட்டுத் திரும்பினாள். சூப்பர்வைசரின் முகம் சிவந்திருந்தது. “முப்பத்தைந்து! வழக்கமான உயரம்தானே! இதுக்கா பறக்கற விமானத்த நிறுத்தினீங்க? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?”

“இப்ப தெரியும் சார் வழக்கமான உயரம்னு. அப்ப தெரியாது.”

சட்டம் தொண்டையைச் செருமினார். “சார், புத்தகப்படி பாத்தா... நாம அனுப்பறத நாம சொல்லித்தான் ஆகணும். இந்தம்மா சொன்னது சரிதான். அன்னிக்குச் சொல்லாம இருந்ததுதான்...” என்று இழுத்து, தான் போகிற பாதை எங்கே முடியும் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

சூப்பர்வைசருக்கும் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, உங்க தலைல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க. இன்னிக்கு சொன்னது பதிவாயிடுச்சு. அன்னிக்கு ஏன் சொல்லலன்னு விசாரணையில கேப்பாங்க. என்ன பதில் சொல்லுவீங்க?”

 இந்த நாற்காலி போகலாம். வேறு ஏதாவது அறையில், ஜன்னலும் திரையும் இல்லாத மேசையில் கொண்டுபோய் வைப்பார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த வாக்கியத்தைவிட இந்தப் பயம் கனம் குறைவாக இருந்ததை அவள் கவனித்தாள்.

“சொல்லலன்னுதான் சார் பதில். அவரும் சொல்லல, நானும் சொல்லல.”

“மேல பேசிட்டு வரேன். சாயங்காலமே உங்கள இந்தத் திரையிலருந்து எடுத்தாலும் எடுப்பாங்க.”

“எடுக்கட்டும் சார். அதுவரைக்கும் நான்தானே பாக்கணும்?”

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். திரையில் அடுத்த விமானம் எல்லையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. மேகம் அதன் வழியில் இன்னும் அகலமாகப் படர்ந்தது. விமானி உயரத்தை மாற்றக் கேட்டார். அவள் மாற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பொத்தானை அழுத்தினாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

“சொல்லுங்க மேடம்” என்றது கரகரப்பு. “பேனா கையிலதான் இருக்கு.”