இவாமுரோவை மேட்டிலிருந்து இறக்கிய ஞாயிறு

வகமாட்சு துறைமுகத்து மருத்துவமனையில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களின் வார்டில் நான் அப்போது நர்ஸாக இருந்தேன். ஜன்னலோரக் கட்டில் இவாமுரோவுடையது. துறைமுகத்தில் கரி எடை போட்டே மூச்சைத் தொலைத்தவர். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பேஸ்பால் அணியில், மைதானத்து மண்மேட்டில் நின்று வீசும் பந்து வீச்சாளர்.

அந்த அணி ஒரே ஒரு முறைதான் ஜப்பானின் சாம்பியன் ஆனது. ஆக்கியது அவர் கை. இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் அவரையே வீச வைத்தார்கள். கோப்பை வந்தது, தோள் போனது. சில வாரங்களில் அமெரிக்கச் சாம்பியன்கள் இங்கே விளையாட வந்தபோது, அவர்களை எதிர்த்து வீச வேண்டிய மனிதர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார். அதன்பின் அந்தக் கை மார்புக்கு மேலே எழவேயில்லை. மனைவி ஃபுசாயேதான் தலை சீவிவிடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் உள்ளூர் வானொலியில் புதிதாக ஒரு நிகழ்ச்சி. பழைய ஜப்பான் சாம்பியன்களையும் அதே வருடத்து அமெரிக்கச் சாம்பியன்களையும் கம்ப்யூட்டருக்குள் மோதவிடுவார்கள். அந்த வருடம் ஒவ்வொருவரும் அடித்ததும் வீசியதும் எண்களாக உள்ளே போகும், ஆட்டம் காகிதத்தில் வெளியே வரும். அறிவிப்பாளர் அதை நேரில் பார்ப்பவர் போல மூச்சு வாங்கச் சொல்வார். கூட்டத்தின் இரைச்சலையும் சேர்த்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் ஓர் ஆட்டம், நான்கை ஜெயித்தவர்களுக்குத் தொடர்.

எங்கள் அணியின் முறை வந்ததும் வார்டே ஒதாகிரியின் ரேடியோவைச் சுற்றிக்கொண்டது. ஒதாகிரி கிரேன் ஓட்டியவர், வாய் நீளம்; கேலி செய்யும்போதும் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்ப்பார். முதல் ஆட்டத்தில் இவாமுரோ வீச, அமெரிக்கர்கள் சுருண்டார்கள்.

"என்ன இவாமுரோ சான், இங்க ஒரு டம்ளர தூக்க முடியல, அங்க அமெரிக்காக்காரன வரிசையா வீட்டுக்கு அனுப்புறீங்க?" என்றார் ஒதாகிரி.

இவாமுரோ சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் ஆக்சிஜனைக் கூட்ட வேண்டியிருந்தது. அன்று சமையல்காரர் எல்லோருக்கும் விசேஷத்துக்குப் போடும் சிவப்புப் பயறுச் சோறு அனுப்பினார்.

இரண்டாவதில் வேறொருவர் வீசித் தோற்றார்கள். மூன்றாவதில் மறுபடி இவாமுரோ, வெற்றி. நான்காவதிலும் அவரே. வானொலியில் வாரம் ஒன்று என்றாலும் கம்ப்யூட்டரின் கணக்கில் அவை அடுத்தடுத்த நாட்கள். அந்த ஆட்டம் நூலிழையில் கைவிட்டுப் போனது. ஐந்தாவதிலும் அவர் பெயரையே சொன்னபோது இவாமுரோ இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது என்ன கேடு என்று ஒதாகிரி சத்தத்தைக் கூட்டினார். ஜெயித்தார்கள். வார்டு கைதட்டியது. இவாமுரோ அன்று சாப்பிடவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் தோற்றுப்போக, இரண்டு பக்கமும் மூன்று மூன்று என்று சமமானது. கடைசி ஆட்டத்துக்கும் இவாமுரோதான் என்று வானொலி அறிவித்தது. தன்னை வீச வைக்க வேண்டாம் என்று இவாமுரோ, ஃபுசாயேயை நிலையத்துக்குப் போன் செய்யச் சொன்னார். அவர்கள் காதில் விழுந்தது ஒன்றுதான்: உண்மையான இவாமுரோ உயிரோடிருக்கிறார். நேரில் வரச்சொன்னார்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு நானும் போனேன்.

கம்ப்யூட்டரைக் கவனித்தவர் தொகுனாகா என்ற இளைஞர். இவாமுரோவைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"உங்க மெஷினுக்குத் தோள் வலி தெரியுமா?" என்று கேட்டார் இவாமுரோ.

"அது உள்ள போடலைங்க. பயப்படாதீங்க, இவர் கடைசி வரைக்கும் தாங்குவார்."

ஆட்டம் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடிந்து ஜப்பான் இரண்டு ரன், அமெரிக்கா ஒன்று. அறிவிப்பாளர் மைக்கை இவாமுரோவின் பக்கம் நகர்த்தி, இந்த நொடியில் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"அவனை மேட்டிலேருந்து இறக்குங்க."

அறிவிப்பாளர் சிரித்து, இவாமுரோ சான் தன்னடக்கமானவர் என்றார்.

"அவன் தாங்க மாட்டான். கேட்டா தாங்குவேன்னுதான் சொல்வான். அவன்கிட்ட கேக்காதீங்க. இறக்குங்க."

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி வேண்டாம் என்று கையசைத்தார். தொகுனாகா அதைப் பார்த்தார், பிறகு இவாமுரோவின் தோளைப் பார்த்தார். சாவிகளைத் தட்டினார். காகிதம் வந்தது. வேறு வழியில்லாமல் அறிவிப்பாளர் படித்தார்: பந்து வீச்சாளர் மாற்றம், இவாமுரோவுக்குப் பதில் கிஹாரா.

எட்டாவது இன்னிங்ஸில் கிஹாராவின் பந்தை அமெரிக்கன் அடித்த அடியில் அது மைதானத்தைத் தாண்டிப் போய் விழுந்தது, இரண்டு ரன். ஜப்பான் தோற்றது.

திரும்பும் வழியில் ஃபுசாயே, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"அன்னிக்குக் கேட்டாங்க. தாங்குவேன்னு சொன்னேன்."

நிலையத்துக்கு வசவுகள் குவிந்தன. தொகுனாகாவை அந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வார்டில் யாரும் இவாமுரோவிடம் முகம் கொடுக்கவில்லை. "சாகறதுக்குள்ள ஒரு தடவ அவனுங்கள ஜெயிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார் ஒதாகிரி. அதன்பின் அவர் இவாமுரோவிடம் பேசவேயில்லை. அடுத்த மாதமே ஒதாகிரி போய்ச் சேர்ந்தார். சக்கர நாற்காலியில் அந்தக் கட்டிலருகே கொண்டுபோகச் சொல்லி, மூடிய உடலுக்கு முன்னால் இவாமுரோ வெகுநேரம் தலை குனிந்திருந்தார்.

பிறகு ஒரு மதியம், பையில் மாண்டரின் ஆரஞ்சுகளோடு ஒரு பெரியவர் வந்தார். கிஹாரா. உண்மையான கிஹாரா. அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் ஒரு பந்துகூட வீசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். இப்போது கொகுராவில் நூடுல்ஸ் கடை. ஜப்பானைத் தோற்கடித்தவன் கடை என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்களாம்.

"ஒரே ஒரு பந்து விடமாட்டாங்களான்னு அன்னிக்குத் தவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. இப்பக் கூப்பிட்டாங்க. தோத்துட்டேன்."

இவாமுரோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மூச்சு வரவில்லை. கிஹாரா ஒரு பழத்தை உரித்து, நாரெடுத்து, சுளையை அவர் இடது கையில் வைத்தார்.

"நான் நெஜமா வீசியிருந்தாலும் அடிச்சிருப்பான்னு நினைக்கிறியா?"

இவாமுரோ யோசித்தார். பொய் சொல்லவில்லை.

"அடிச்சிருப்பான்."

கிஹாரா தலையாட்டிக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தார். மார்ச்சில் இவாமுரோ இறக்கும் வரை, கடைக்கு விடுமுறை விட்ட நாட்களிலெல்லாம் அவர் வந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில், பழைய அணியிலிருந்து வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.