மூன்று ஷிப்டில் வாசித்த கச்சேரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் 'கொக்கி' ராக் பேண்டில் இருந்த மூன்று பேரும் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட ஒன்றாக வாசித்ததில்லை. ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். வாராவாரம் ஷிப்ட் மாறினாலும் மூவருக்கும் ஒரேசமயத்தில் மாறியதால் ஒருபோதும் ஒத்துவரவில்லை. அதனால் அவரவர் வேலை முடிந்ததும் மூடிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகைக்கு வந்து, தன் பங்கை வாசித்துவிட்டுப் போனார்கள். வாசிக்கும்போது சத்தம் வராது. அது கூரைக்குக் கீழே போய்க் காத்திருக்கும். கடைசி ஆளும் முடித்த பிறகு, காலை ஏழு மணிக்கு, கிட்டாரும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து பாட்டாக இறங்கும். டீக்கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் இரண்டாவது பாலை அடுப்பில் வைப்பார்.

சென்னையிலிருந்து நாற்பத்திரண்டு பேர் கொண்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தன்னோடு வாசிக்கக் கூப்பிட்டதும், கிட்டார் வாசிக்கும் அஸ்வினி பழவேற்காட்டில் மீன் விற்கும் அம்மா கோவிந்தம்மாவுக்குப் போன் போட்டாள். மகள் வெளியூர் போய் என்ன கிழிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கோவிந்தம்மா பதில் சொல்லி, குப்பத்துக்கே வேன் பேசிவிட்டாள்.

திருவள்ளூர் கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. மூவரும் லீவு போட்டு வந்தும் பழக்கம் விடவில்லை. அஸ்வினி தன் பங்கை வாசித்து முடித்து, கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த டிரம்மர் ஏழுமலையிடம், "என்னுது முடிஞ்சிச்சி, நீ போ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ஜோசப்பின் குச்சி அந்தரத்தில் நின்றது. சத்தமே வராததால் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். பேஸ் வாசிக்கும் தானியேலும் முடித்த பின், எல்லோரும் சாம்பார் சாதத்தில் கை வைத்தபோது மூன்றும் இறங்கின. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் சத்தம் கையோடு வராவிட்டால் ஆர்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும் என்று ஜோசப் சொல்லிவிட்டார். அந்த வாரம் மூவரும் சேர்ந்து நின்று வாசித்துப் பார்த்தார்கள். சத்தம் அப்போதும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வேன் வேண்டாம் என்று சொல்ல அஸ்வினி நான்கு தடவை போனை எடுத்தாள். நான்கு தடவையும் இன்னா குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்தாள். சனிக்கிழமை ஜோசப் முன்னால் போய் நின்றாள்.

"சார், எங்களுக்கு சேந்து வாசிக்க வராது. நீங்க எங்க ஷிப்டுக்கு வந்தா இன்னா?"

"நாப்பத்திரெண்டு பேருக்கும் கேட் பாஸ் யாரும்மா போடுவா?"

"கொட்டாய்க்கு கேட்டே இல்ல சார்."

ஜோசப் சிரித்துவிட்டார், சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம், கச்சேரிக்கு முந்தைய நாள் தொடங்கி, வயலின்காரர்கள் அஸ்வினியோடும், ஊதுகிறவர்கள் ஏழுமலையோடும், செல்லோக்காரர்கள் விடியலில் தானியேலோடும் வந்து சத்தமில்லாமல் வாசித்துவிட்டுப் போனார்கள். மூன்று ஷிப்டும் நின்று குச்சி ஆட்டிய ஜோசப் ஓவர்டைம் கேட்டார். டீயாகக் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை கொட்டகை நிறைந்தது. மேடை காலி. வாசித்தவர்கள் கூட்டத்தில் கலந்து உட்கார்ந்திருக்க, அஸ்வினி மட்டும் கூரையைப் பார்த்து நகத்தைக் கடித்தபடி தூணோரம் நின்றாள். ஏழு மணிக்கு முதலில் வயலின்கள் இறங்கின, அவற்றின் தோளைப் பிடித்ததுபோல அவளுடைய கிட்டார். வேனிலிருந்து இறங்கி வந்த கோவிந்தம்மா காலி மேடையைப் பார்த்தாள்.

"யாருடீ வாசிக்கிறது?"

"நாங்கதாம்மா. நேத்தே வாசிச்சிட்டோம்."

"அப்போ உனுக்கு இன்னா வேல இங்க நின்னுகினு? வந்து குந்து."

கோவிந்தம்மா பெஞ்சில் நகர்ந்தாள். அஸ்வினி உட்கார்ந்தாள். டிரம்ஸ் இறங்கியது.