இடது கைப் பட்டன்

விடிவதற்குள், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் எங்கள் பிரஸ்கள் இறங்க ஆரம்பித்துவிடும். இடது கை தகட்டை எடுத்து அச்சில் வைக்கும், வலது கை பட்டனை அழுத்தும், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி அறைந்துவிட்டுப் போகும். கதவுக் கீலின் ஒரு பாதி கூடையில் விழும். அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அடுத்த தகடு அச்சில் இருக்க வேண்டும். தரையின் அதிர்வு குதிகால் வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கும். தகட்டின் ஓரம் விரலைக் கீறும், கீறிய இடத்தில் எண்ணெய் எரியும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும் கையில் அந்த வாடைதான்.

அந்த இயந்திரத்தைச் செய்தவன் யாரோ, மனிதனை மதித்தவன். இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தலை இறங்கும் என்று வைத்திருந்தான். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. ஆனால் முதலாளி எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனார். இரண்டு கையும் பட்டனுக்குப் போய் வந்தால் அந்த எண்ணிக்கை எட்டாது. எட்டாதவனுக்குக் கூலியில் பாதி போய்விடும். அதனால் இடது பட்டனை ஒரு மரக்கட்டையால் அமுக்கி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினோம். கட்டை வை என்று முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. வைக்காமல் பிழைக்க முடியாதபடி செய்தார், அவ்வளவுதான். கட்டையை நாங்களே செதுக்கிக்கொண்டோம். ஆளுக்கொன்று பையில் இருக்கும்.

என் அண்ணனின் இடது கையில் இப்போது பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. தகட்டை நேராக்கக் கையை உள்ளே விட்ட நேரம், வலது கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிவிட்டது.

"நான் சொன்னேனா கட்டை வைக்கச் சொல்லி? என் ஃபாக்டரியில கட்டையே கிடையாது" என்றார் முதலாளி. பெரிய மனசு பண்ணி, அண்ணனைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார். வாட்ச்மேன் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாகப் போனது. அண்ணன் நின்ற பிரஸ்ஸில் அண்ணி வந்து நின்றார்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் ஃபாக்டரிக்கு சர்வதேசத் தரச் சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது. வெளிநாட்டில் கீல் வாங்குகிறவர்கள் அது இல்லாமல் பேசவே மாட்டார்களாம். வழிகாட்ட ஓர் ஆலோசகர் வந்தார். வந்த நாளிலிருந்து சுவரெல்லாம் காகிதம் ஒட்டியதால் அவருக்குப் பசை சார் என்று பெயர் வைத்தோம். ஷிப்ட் முடிந்த பிறகு கூலியில்லாமல் நின்று தரையில் மஞ்சள் கோடு போட்டோம், கூடைகளுக்கு வர்ணம் அடித்தோம். கக்கூஸ் கதவுக்குக் கீல் வந்தது. கீல் செய்கிற ஃபாக்டரியில் அதுவரை அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

தரக் கொள்கையை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றார் பசை சார். எங்களில் வாயாடியான ரேடியோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். வாடிக்கையாளர் திருப்தி, தொடர்ந்த மேம்பாடு. அர்த்தம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிப்பார். கடைசியாக ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் எதிரே வேலைமுறை ஒட்டப்பட்டது. இரு கைகளாலும் இரு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அழுத்தவும். அடியில் முதலாளியின் கையெழுத்து.

"சான்றிதழ் குடுக்கறதுக்கு முன்னாடி பார்க்க ஆடிட்டர் வருவார். அவர் வர்ற அன்னைக்கு இதுல இருக்கற மாதிரியே செய்யுங்க. கேட்டா, எப்பவும் இப்படித்தான்னு சொல்லணும்" என்றார் பசை சார்.

"மறுநாள் சார்?" என்றேன்.

"மறுநாள் எப்பவும் போல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆடிட்டர் வந்த நாளன்று அண்ணனுக்கு லீவு கொடுத்தார்கள். அந்தக் கை அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். கட்டைகளையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றோம். ஆடிட்டர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரஸ்ஸாகப் பார்த்து வந்தார். அண்ணியிடம் வந்ததும் நின்றார்.

அண்ணி தகட்டை அச்சில் வைத்தார். வலது கையால் பட்டனை அழுத்தினார். தலை இறங்கவில்லை. திரும்ப அழுத்தினார், இறங்கவில்லை. இடது கையோ அதற்குள் அடுத்த தகட்டை எடுத்துக்கொண்டு நின்றது. பாவம், அந்தக் கைக்கு என்ன தெரியும்? தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவிலேயே போய்வந்து, பட்டன் இருக்கிற திசையே அதற்கு மறந்துபோயிருந்தது.

ஆடிட்டர் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். இடது பட்டனைப் பார்த்தார். கட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அதன் விளிம்பில் வர்ணம் தேய்ந்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"புது ஆளு சார்" என்று சிரித்தார் முதலாளி.

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். இந்தத் தொழிலாளிக்குப் பயிற்சி போதாது. இதைச் சரிசெய்ய வேண்டும், அடுத்த மாதம் திரும்ப வந்து பார்த்த பிறகுதான் சான்றிதழ். கை ஏன் பட்டனை மறந்தது என்று அவர் கேட்கவில்லை. படித்த மனிதர், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, கண்ணு முன்னாடி இருக்கற பட்டன் தெரியலையா உனக்கு? இந்த வாரத்தோட நின்னுக்க. பயிற்சி இல்லாத ஆளை வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு பதில் எழுதிட்டா முடிஞ்சுது."

"பட்டனை மறக்க வச்சது யாரு முதலாளி?" என்றார் அண்ணி.

"யாரு வச்சா? நான் ஏதாவது சொன்னேனா?"

அண்ணனுக்கு விரல் போனபோதே அந்தப் பேச்சை ஒரு தடவை கேட்டாயிற்று. அவருக்கு அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, இருந்தால் இன்னொரு கை போகும். இதில் எதைக் கேட்டு வாங்குவது என்றுதான் எனக்கு ஆத்திரம்.

ஷிப்ட் முடிந்ததும் கேட்டருகில் கூடினோம். அண்ணனும் வீட்டிலிருந்து வந்திருந்தார்.

"காகிதத்துல இருக்கற மாதிரி ரெண்டு கையாலயும் ஓட்டுவோம். எல்லாரும். ஆடிட்டர் திரும்ப வர்ற வரைக்கும் முதலாளியால நம்மளை ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"உனக்கென்னப்பா, ஒண்டிக்கட்டை. எண்ணிக்கை பாதியாயிடும். வீட்டுல என்ன சொல்றது?" என்றார் ரேடியோ. அவர் அன்றைக்கு ஒப்பிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். மற்றவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

"என்ன சொல்றதா? ரெண்டு கையோட வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றார் அண்ணி.

கேட்டில் எல்லோருக்கும் டீ போடுவதும் அண்ணன் வேலை, அந்த விறகடுப்பைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"நாளைக்கு டீக்கு விறகு இல்ல. உங்க கட்டையெல்லாம் குடுத்துட்டுப் போங்க."

முதலில் ரேடியோதான் சிரித்தார். பையில் கை விட்டதும் அவர்தான்.

மறுநாள் விடியற்காலையில் சத்தமே வேறாக இருந்தது. முன்பு பிரஸ்கள் ஒன்றை ஒன்று துரத்தி அறையும். இப்போது தகடு, இரண்டு கை, அறை, பிறகு ஒரு மூச்சு. பக்கத்தில் இருப்பவர் இருமினால் கேட்டது. முதலாளி அண்ணன் போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"என்ன, கரண்ட் இல்லையா?"

"இருக்கு முதலாளி. பயிற்சி எடுக்கறோம்" என்றார் ரேடியோ.

"பயிற்சி அவளுக்குத்தான்."

"எங்க யாருக்குமே போதாது முதலாளி."

"இந்த வேகத்துல போனா ஆர்டரை எவன் முடிப்பான்?"

"நீங்க கையெழுத்துப் போட்ட வேகம் இதுதான்" என்றேன். "எண்ணிக்கையை இதுக்குத் தக்கபடி குறைங்க. கூலியில கை வைக்காதீங்க. அண்ணியும் வேலையில இருப்பாங்க."

"எல்லாரையும் அனுப்பிட்டு வேற ஆள் போடுவேன்."

"போடுங்க. அடுத்த மாசம் ஆடிட்டர் வர்றப்ப எல்லாருமே புது ஆளுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணி.

முதலாளியின் முகம் சிவந்தது. குனிந்து அண்ணியின் இடது பட்டனைப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்தார். வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கட்டை எங்க?" என்றார். "கட்டையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? எடுங்க வெளிய."

ஒரு பிரஸ்கூட இறங்கவில்லை. கேட்டிலிருந்து அண்ணன் உள்ளே வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

"எந்தக் கட்டை முதலாளி?" என்றார் அண்ணி. "நம்ம ஃபாக்டரியில கட்டையே கிடையாதே."

முதலாளி கையிலிருந்த டீ ஆடைகட்டிப் போயிருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரிடமோ போனில் கத்துவது கேட்டது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் பாதிக் கூலிதான் நிச்சயம். நாளைக்கு கேட் திறந்திருக்குமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அண்ணி அடுத்த தகட்டை எடுத்து அச்சில் வைத்தார். அவருடைய இடது கை தானாகவே பட்டனுக்குப் போனது.