நாலு மணிக்குள்

ஜோசியர் சாயங்காலம் நாலு மணி என்று சொன்னதுதான் வினை. அத்தோடு திருவோணம் முடிந்து அவிட்டம் பிறக்கிறது. அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். எங்களுக்கு இருப்பதே ஒற்றை அறை. அதில்தான் தறிக்குழி, அதில்தான் அடுப்பு, அதில்தான் அப்பா கட்டிலில் கிடந்தார். ஆறு மாதம் தறி நின்றால் நாங்கள் எதைத் தின்பது?

அப்பாவுக்கும் இது தெரியும். காலையிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை.

"நாலுக்குள்ள போயிரோணும் மருதாசலம். தாண்டிருச்சுன்னா கஞ்சி குடு, அஞ்சு நாளைக்கு எப்படியாச்சும் இழுத்துப் புடிச்சுக்கறேன்" என்றார்.

ஐந்து நாளில் ஆகாத நட்சத்திரமெல்லாம் கழிந்துவிடும். சந்தைக்குக் கிளம்புகிறவர் மாதிரிப் பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் போன வாரம்தான் போஸ்டாபீஸ் மணியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். மத்தியானத்திலிருந்து அப்பா மணி கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று ஆனதும் என் மனைவி முத்தாயம்மாள் சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. நானும் அதைத்தான் வேண்டினேன். பெற்ற தகப்பன் சீக்கிரம் சாக வேண்டும் என்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த பாவி நான்.

நாலு தாண்டியது. நாலரையும் ஆனது. முத்தாயம்மாள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"மணி என்ன சாமி?"

அந்த முகத்தைப் பார்த்து, தவறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூணரைதானுங்க அப்பா."

"அப்ப நேரம் இருக்குது" என்று சிரித்தார். கஞ்சியைக் கையால் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

குடியைக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த தெருவிலிருந்து ஜோசியர் ஓடிவந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இது சர்க்கார் மணி, யுத்தத்துக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது, பஞ்சாங்கத்துக்குப் பழைய மணிதான் கணக்கு, நாலு ஆக இன்னும் நேரமிருக்கிறது, அடைப்பே இல்லை என்றார்.

முத்தாயம்மாள் அழுதபடியே கும்பிட்டாள். மகராசன் நேரம் பார்த்துப் போனார் என்று தெருவே பேசியது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காகவே என்னை நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடிகாரம் காட்டியபடி நாலரை என்று சொல்லியிருந்தால், அப்பா அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பார்.