அய்யனார் காட்டு வண்டுகள்

அப்பாவின் சைக்கிளில் தொங்கிய தூக்குவாளியைக் கலைமதி எடுத்தபோது உள்ளே ஏதோ பிறாண்டியது. மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். திறந்தாள். ஈரச் சருகுக்குள் ஆறு கறுப்பு வண்டுகள், ஆறும் உயிரோடு.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா காசிலிங்கம் படுத்திருந்தார். நேற்று உப்பள வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

கலைமதி ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே விட்டாள். சென்னையில் அவள் செய்யும் ஆராய்ச்சியே இந்த வண்டைப் பற்றித்தான். பாவம், அதற்குப் பறக்கத் தெரியாது. உப்பளங்களுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் அய்யனார் காட்டு வண்டுகளுக்கு வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை. அதனால் அவற்றின் மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன, முதல் வருடம். மூன்றாம் வருடம் பார்த்தால், இரண்டு மைல் தள்ளியிருக்கும் பெரிய காட்டு வண்டுகளின் கலப்பு! உப்பையும் தாண்டி நடந்தே வந்திருக்கின்றன என்று பேராசிரியர் பூரித்துப்போனார். கட்டுரை இன்று சாயங்காலம் ஆய்விதழுக்குப் போகிறது.

இரண்டு காட்டிலும் வண்டு பிடித்து, சாகடிக்கும் ஆல்கஹால் குப்பியில் போட்டுக் கொடுத்தவர் அப்பாதான். குப்பிக்குப் போகும் வண்டுக்கு மூச்சுவிட ஓட்டை எதற்கு? அம்மா திரௌபதியிடம் தூக்கைக் காட்டினாள்.

"அய்யனார் காட்டுல ஒரு சுள்ளி ஒடிக்கவே பயப்படுவாரு. உயிர எடுத்துட்டு சும்மா வர முடியுமா? எத்தினி எடுத்தாரோ அத்தினி பெரிய காட்டுலேர்ந்து கொண்டாந்து வுட்டாரு. உன்கிட்ட சொல்லலியா?"

கலைமதி கொல்லைப்பக்கம் போய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்றாள். அப்பா காரியத்தைப் பாரும்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

"அதுக்கில்ல சார். அந்த வண்டுங்க தானா வரல. எங்கப்பா கொண்டாந்து வுட்டிருக்காரு."

மூன்று வருட உழைப்பு போனது அவளுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"எங்கப்பா ஏமாத்தல சார்" என்றாள்.

மத்தியானம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தலைமுழுகினார்கள். எதையும் பாதியில் விடாத மனுஷன், இந்த ஆறை மட்டும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார். தூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா மெல்லச் சொன்னாள்.

"பதினாறு முடியிற வரைக்கும் அதுங்க தாங்காது. தீட்டு, உள்ள போவாத. காட்டு எல்லையில நின்னு வுட்டுட்டு வா."

பறைச் சத்தம் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. ஈரத்தலையோடு கலைமதி அய்யனார் காட்டு எல்லைக் கல்லருகே குனிந்து தூக்கைச் சாய்த்தாள். வண்டுகள் வெயிலில் சற்றுத் தயங்கி, நிழலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. ஆறும் சருகுக்குள் போய்ச் சேரும்வரை அவள் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.