வலி எத்தனை?

வலி பத்துக்கு எத்தனை என்று நோயாளியைத்தான் கேட்க வேண்டும், கூட வந்தவர்களை அல்ல. அவசரப் பிரிவை மாற்றியமைத்த கூட்டத்தில் மேசையைத் தட்டி இந்த விதியைக் கொண்டுவந்தது சாட்சாத் நானேதான். பின்னே என்ன? மருமகள் வலியில் துடிப்பாள். மாமியார், "இவளுக்கு எல்லாமே பெருசுதான்" என்பாள். பத்தொன்பது வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து, இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் நான்.

இன்று வந்த நோயாளி என் கணவர். பஸ் டிரைவர். காலையிலிருந்து வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நிமிர்ந்து, "வலி போயிடுச்சுடி. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

குடல்வால் வெடித்தால் வலி கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவும்.

"வலி எத்தனை சார்?" என்றாள் அவசரப் பிரிவு நர்ஸ்.

"ஒண்ணு போடும்மா. அதுவும் இவ திருப்திக்கு."

அவர் கையில் பச்சைப் பட்டை கட்டினாள். பச்சை என்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"குடல்வால் வெடிச்சிருக்கும்மா. டாக்டரைக் கூப்பிடு."

"கூட வந்தவங்க சொல்றத எழுத ஃபாரத்துல எடமே இல்லையேக்கா. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?" அவள் குத்திக்காட்டவில்லை. எட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

"ஏங்க, எட்டுன்னு சொல்லுங்க."

"இல்லாத வலிய எப்படிடி சொல்றது? அவங்கள்லாம் வலியோட உக்காந்திருக்காங்க, பாரு."

இந்த மனுஷனின் நேர்மையில் இடி விழ. ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்.

இப்படி வந்து வீடு திரும்பாதவர்களின் கட்டில் எண்கள்கூட எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அவர் கையைப் பிடித்தேன். அவர் குனிந்து என் விரல்களைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா," என்று நர்ஸை அழைத்தார். "வலி ஒண்ணுதான். ஆனா கல்யாணமாகி பதினாறு வருஷத்துல இவ கை நடுங்கி நான் பார்த்ததில்ல. எனக்குப் பயமா இருக்கு. அதுக்குப் பத்து போட்டுக்கோ."

நோயாளி சொன்னதாயிற்றே, எழுதிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வயிற்றை ஒரு தடவை அழுத்தினார். அடுத்த பத்து நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

ஆபரேஷன் அறை வாசல்வரை கூடவே நடந்தேன். கதவருகே அவர் தலையைத் திருப்பி, "சும்மாதானே பயந்த?" என்றார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.